கல்வித் தொலைக்காட்சி: கைபேசி இல்லாத வீட்டுக்கு வரும் வகுப்பறை

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை நடத்திவரும் கல்வித் தொலைக்காட்சியை யாருக்குப் பரிந்துரைக்கலாம் என்று என்னைக் கேட்டால், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருந்து, வீட்டின் ஒரே கைபேசி காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிற குடும்பங்களுக்குத்தான் முதலில் பரிந்துரைப்பேன். நல்ல இணைய இணைப்பும் படிக்கத் தனி இடமும் உள்ள பிள்ளைக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. அதே பாடங்களை யூடியூபில் வேண்டிய இடத்தில் நிறுத்தியும் திருப்பிப் போட்டும் பார்த்துக்கொள்ள அந்தப் பிள்ளையால் முடியும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இந்த அலைவரிசையை மதிப்பிடப் புகுந்தால், ஒளியமைப்பு சரியில்லை, பின்னணித் திரை அழகாக இல்லை என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடும். இது எந்த வரிசையில் வந்தது, எதை நம்பித் தொடங்கப்பட்டது, இடையில் எது வந்து இதன் போக்கை மாற்றியது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலமும் குறையும் சரியாக விளங்கும்.

கல்வித் தொலைக்காட்சியை 2019 ஆகஸ்ட் 26 அன்று சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி தொடங்கிவைத்தார். பள்ளிக் கல்வித் துறை அன்று கே.ஏ. செங்கோட்டையனின் பொறுப்பில் இருந்தது. படப்பிடிப்புத் தளமும் அந்த நூலகக் கட்டடத்தின் எட்டாவது தளத்திலேயே அமைந்தது. அரசு கேபிளில் இதற்கு 200 என்ற எண் ஒதுக்கப்பட்டது. தொடங்கிய காலமும் பொருத்தமானதே. 2018–19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டில் மற்ற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்திருந்தன. பக்க ஓரங்களில் க்யூஆர் குறியீடுகளோடு வந்த அந்த நூல்கள், பழைய சமச்சீர் நூல்களைவிடக் கனமானவை. அவற்றை நடத்துவது பல ஆசிரியர்களுக்கே புதிய வேலையாக இருந்தது. பாடத்தை இன்னோர் ஆசிரியர் எப்படி எடுக்கிறார் என்று பார்க்க ஒரு வழி கிடைத்தது அவர்களுக்கும் உதவியது என்றே நினைக்கிறேன்.

இப்படி ஓர் அலைவரிசை தமிழ்நாட்டில் எளிதாகக் காலூன்றியதற்குக் கல்வித் துறைக்கு வெளியே நடந்த இரண்டு காரியங்கள் அடித்தளமாக இருந்தன. முதலாவது, 2006 முதல் 2011 வரை நடந்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் அந்த ஐந்தாண்டுகளில் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது, 2011இல் புத்துயிர் பெற்று மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தரத் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனம். 2017இல் அது டிஜிட்டல் முறைக்கு மாறி செட்டாப் பாக்ஸ்களை வழங்கியபோது, புதிதாக ஓர் அலைவரிசையைச் சேர்ப்பதும் எளிதாகிவிட்டது. இந்த இரண்டு திட்டங்களையும் எதிரெதிர்க் கட்சிகளின் அரசுகள் நடத்தின. தேர்தல் மேடைகளில் இரண்டும் பரிகாசத்துக்கு ஆளாயின. கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட காலத்தில் பாடம் வீட்டுக்குள் வந்தது அந்தப் பெட்டியின் வழியாகவும் அந்தக் கம்பியின் வழியாகவும்தான்.

தொலைக்காட்சியைப் படிப்புக்குப் பயன்படுத்தும் எண்ணம் இந்த நாட்டில் தொலைக்காட்சியோடு கூடவே பிறந்தது. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ஒளிபரப்பு, 1961இலேயே பள்ளிகளுக்கான பாடங்களைத் தரத் தொடங்கிவிட்டது. ஆனால் கிராமத்தை மையமாக வைத்து நடந்த முதல் பெரும் முயற்சி, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டு நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்புச் சோதனையே. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நிகழ்ச்சிகளை அனுப்பியது. கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலையால் செய்த, மூன்று மீட்டர் அகலமுள்ள ஏற்பிகள் (ஆண்டெனாக்கள்) ஊர்ப் பொது இடங்களில் நிறுவப்பட்டன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம், மாலையில் ஊர் மக்களுக்கு இரண்டரை மணி நேரம் என்று பகுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கான காலை நேரம் இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு என்ற நான்கு மொழிகளுக்கும் ஆளுக்கு இருபத்திரண்டரை நிமிடமாகப் பங்கிடப்பட்டது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதே 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்குத் தூர்தர்ஷன் நிலையம் வந்தது. நம் ஊர்களுக்குத் தொலைக்காட்சி பொதுச்சொத்தாக வந்தது அதற்குப் பிறகுதான், ஊராட்சிக் கட்டடத்தை ஒட்டிய டிவி ரூமின் உருவத்தில். அங்கே மக்கள் கூடியது வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்க்கவும் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்கவுமே அன்றிப் பாடம் கேட்க அல்ல.

அந்தச் சோதனையில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ஒளிபரப்பியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் இருக்கவில்லை. சமூக ஆய்வாளர்கள் ஊர்களுக்குப் போய் யார் பார்த்தார்கள், எது புரிந்தது, எந்த இடத்தில் கூட்டம் எழுந்து போனது என்று கேட்டு எழுதினார்கள். சில கிராமங்களில் மானிடவியலாளர்கள் தங்கியே கவனித்தார்கள். இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற ஊரிலிருந்து அதே காலத்தில் தொடங்கிய சிறு நிலையம். சுமார் 400 கிராமங்களில் வைத்திருந்த பொதுத் தொலைக்காட்சிகளுக்காக அது ஒளிபரப்பியது; பெட்டிகளில் பல பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் இருந்தன. குறைந்தபட்சக் கூலி, தீண்டாமை, பெண்களின் நிலை என்று உள்ளூர்ப் பிரச்சினைகளை நிகழ்ச்சிகளாக்கினார்கள். எழுதுவதிலும் நடிப்பதிலும் ஊர் மக்களையே சேர்த்துக்கொண்டார்கள். 1984ஆம் ஆண்டுக்கான கிராமத் தகவல் தொடர்புப் பரிசை யுனெஸ்கோ இதற்கு அளித்தது. தலைநகரத்திலிருந்து வரும் பொது நிகழ்ச்சிகளின் பெருக்கத்துக்கு இடையே அந்த நிலையம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கவில்லை. ஆயினும் சமூகக் கல்வித் தொலைக்காட்சி என்று சொல்லத்தக்க ஒன்று இந்தியாவில் இருந்தது என்றால் அது பிஜ் நிலையம்தான். கல்வித் தொலைக்காட்சியை நான் அளப்பதும் அந்த அளவுகோலை வைத்தே.

அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் மேலிருந்து கீழே வந்தவை. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பகல் நேர வகுப்புகளை நடத்தியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இருந்த ஊடக மையங்கள் அதற்கு நிகழ்ச்சிகளைத் தயாரித்தன. அவை கல்லூரிக்கானவை, பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. 2000 ஜனவரி 26 அன்று ஞான தர்ஷன் என்ற கல்வி அலைவரிசை வந்தது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதைப் பயன்படுத்தி, 2005 ஜூலை 28 அன்று திருவனந்தபுரத்தில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ், பள்ளிக் கல்விக்கென ஒரு மாநில அரசு நடத்தும் அலைவரிசையாக வளர்ந்தது. கேரளத்தில் அது பதினான்கு ஆண்டுகள் பழகிய பின்னர்தான் நம்முடையது பிறந்தது என்பதை ஒப்பிடும்போது மறந்துவிடக்கூடாது. ஒளிபரப்புப் பழக்கம் ஏறக்குறைய ஏதும் இல்லாத ஒரு துறை, பாடம் எடுப்பவர்களை ஓராண்டுக்குள் திரைக்கு முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த ஓராண்டு முடிவதற்குள் கொரோனாத் தொற்று வந்துவிட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து செய்யப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஜூலையில் வகுப்புவாரியான பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் வரத் தொடங்கின, தனியார் அலைவரிசைகள் சிலவும் நேரம் ஒதுக்கின, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் இலவச மடிக்கணினிகளில் பாடக் காணொளிகள் ஏற்றித் தரப்பட்டன. நீட், ஜேஇஇ பயிற்சி, வேலைவாய்ப்புச் செய்திகள், அரசுப் பள்ளிகளின் சாதனைகள் என்று பலசரக்குக் கடையாகத் தொடங்கிய அலைவரிசை, அந்த மாதத்தோடு முழுநேரப் பள்ளிக்கூடமாக மாறியது. ஆட்சி மாறிய பின் 2021 ஜூனில் புதிய கல்வியாண்டுக்கான பாடங்களை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகையும் மாறும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்த அலைவரிசை தப்பியது ஆறுதலான செய்தி.

பாடத்தின் தரத்தைச் சொல்ல வேண்டும். பாடம் எடுப்பவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் ஆவர். தனியார் பயிற்சி நிறுவனக் காணொளிகளில் தென்படும் மேடைப் பேச்சு இவர்களிடம் இல்லை. பாடநூலை விட்டு அகலாமல், பயிற்சிக் கணக்கின் எண்ணைச் சொல்லி, பக்கத்தைத் திரையில் காட்டி நடத்துகிறார்கள். பத்தாம் வகுப்பின் செய்முறை வடிவியலை எடுத்துக்கொள்ளலாம். வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரைவதை நாற்பது பேர் உள்ள வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், காம்பஸின் முனை எங்கே ஊன்றப்பட்டது என்பது முதல் இரண்டு பெஞ்சுக்குத்தான் தெரியும். தொலைக்காட்சியில் ஆசிரியரின் கை மட்டும் திரை முழுவதும் தெரிகிறது. மையக்குத்துக்கோடு எப்படி வந்தது, அது வெட்டும் இடத்தில் ஏன் மீண்டும் காம்பஸை வைக்கிறார் என்பதெல்லாம் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிகிறது. இதை வேறெந்த வகுப்பறையும் தர முடியாது.

அதே பாடத்தில்தான் குறையும் வெளிப்படுகிறது. பிள்ளை பென்சிலைச் சீவி, அளவுகோலைப் பிடித்து, முதல் வில்லை வரைந்து நிமிர்வதற்குள் ஆசிரியர் மூன்றாவது படிக்குப் போய்விடுகிறார். கேபிளில் வரும் பாடத்தை நிறுத்தி வைக்க முடியாது. "புரிகிறதா?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் ஒரு நொடி காத்திருக்கிறார்; எதிரே இருப்பது கேமரா என்பதால் தாமே தலையசைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறார். நேரில் வகுப்பெடுத்தே பழகியவர்களின் இயல்பான செய்கை அது. அதைப் பார்க்கும்போது பரிவுதான் வருகிறது. தமிழ், சமூக அறிவியல் பாடங்களில் இது பெரிதாகத் தெரிவதில்லை, செய்யுள் விளக்கமோ போர்க்காரணமோ கேட்டாலே மனத்தில் நிற்கும். கணக்கிலும் இயற்பியலிலும்தான் பிள்ளை பின்தங்கும் இடம் ஒவ்வொன்றும் பள்ளமாகிவிடுகிறது. தொடக்க வகுப்புகளுக்கோ பாடலும் படமும் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. எழுத்து கைக்கு வர ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொரு இடர்ப்பாடு வெறும் கூட்டல் கணக்கு. பாடம் ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளில் 48 பாடங்களை ஒளிபரப்பலாம். காலை ஆறு முதல் இரவு பத்து வரை, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில், 32 பாடங்களுக்குத்தான் இடம். அதைப் பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பங்கிட்டால் வகுப்பு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று பாடம்கூடத் தேறாது. அதிலும் தமிழ்வழி, ஆங்கிலவழி என இரண்டாகப் பிரித்து, விட்டுப்போனவர்களுக்காக மறுஒளிபரப்பும் செய்தால் மிஞ்சுவது சொற்பம். ஒன்றிய அரசு 2020 மே மாதத்தில் பிஎம் இ-வித்யா திட்டத்தில் வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்று பன்னிரண்டை அறிவித்து, 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 200 ஆக்குவதாகச் சொன்னதற்கும் இந்தக் கணக்குதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஒரே அலைவரிசையை வைத்துக்கொண்டு எல்லா வகுப்புக்கும் எல்லாப் பாடமும் தருவோம் என்று முயல்வதைவிட, எவருக்கு இது இன்றியமையாதது என்று தேர்ந்து அவர்களுக்கு நிறையக் கொடுப்பதே முறை. ஒரு பெட்டியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டில் மூத்தவளுக்கு வேதியியல் வரும் நேரத்தில் இளையவன் கார்ட்டூனுக்காக ரிமோட்டைப் பறிப்பதும், பாட்டியின் சீரியல் நேரத்தில் வீடே பாட்டி பக்கம் சாய்வதும் எந்த நிகழ்ச்சி நிரலிலும் வருவதில்லை.

கேரளம் இந்த இடத்தில் செய்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் வழியாக வகுப்புகளைத் தொடங்கும் முன்பே எத்தனை மாணவர்களுக்கு வீட்டில் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்று கணக்கெடுத்தார்கள், சுமார் 2.6 லட்சம் என்று தெரிந்தது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் ஊர்ப் பொதுக் கட்டடங்களிலும் பெட்டி வைத்து, பிள்ளைகளை அங்கே வரவழைத்துப் பார்க்கவைத்தார்கள். அதாவது, தனி வீட்டுத் திரையிலிருந்து மீண்டும் ஊர்ப் பொதுத் திரைக்குத் திரும்பினார்கள். இடுக்கி, பாலக்காடு பகுதிகளின் தமிழ்வழி மாணவர்களுக்குத் தமிழிலும் காசர்கோட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னடத்திலும் தனியே வகுப்புகள் தயாரித்தார்கள். ஒரு மாநிலத்தின் கல்வி அலைவரிசை தன் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்தது என்பதை, ஓசூரிலும் ஊத்துக்கோட்டையிலும் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளை வைத்திருக்கும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரையிலிருந்து வரும் பாடத்துக்குப் பதில் சொல்ல வழியில்லை என்பதை நம் அரசும் உணர்ந்தது என்பதற்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டமே சான்று என்பது என் கருத்து. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தெருவிலேயே தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். திரை தராததை, பக்கத்துத் தெருவின் பட்டதாரி அக்கா தந்தார். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கோத்திருந்தால், அதாவது மாலை ஐந்தரைக்குத் தொலைக்காட்சிப் பாடம், ஆறு மணிக்கு அக்காவிடம் கேள்வி என்று அமைத்திருந்தால், பிஜ் நிலையத்துக்குப் பிறகு அப்படி ஒன்றை நாம் பார்த்திருப்போம். இரண்டும் தனித்தனித் திட்டங்களாகவே அமைந்தன.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2023 ஜூலையில் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி வந்தது. பாடங்கள் சிறு சிறு காணொளிகளாகக் கைபேசிக்குள் போய்விட்டன. யூடியூபிலும் கல்வித் தொலைக்காட்சியின் பழைய பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. கைபேசி உள்ளவருக்கு இவை மேலானவை, அதில் ஐயமில்லை. ஆனால் தேடிப் போய் எடுக்க வேண்டிய பொருளுக்கும் குறித்த நேரத்தில் தானே வந்து நிற்கும் பொருளுக்கும் வேறுபாடு உண்டு. படிக்க யாரும் சொல்லாத வீட்டில் இரண்டாவதுதான் வேலை செய்யும். கல்வித் தொலைக்காட்சி செயலிகளோடு போட்டி போடத் தேவையில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளையும் போட்டித் தேர்வுகளையும் செயலிகளுக்கு விட்டுவிட்டு, ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்கு மாலை நேரத்தைக் கொடுத்தால் அலைவரிசைக்கு உயிர் வரும்.

பார்த்துப் பயன்படுத்துவோருக்குச் சில யோசனைகள். பாடம் தொடங்குமுன் பாடநூலில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஐந்து நிமிடம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். கணக்குப் பாடத்தின்போது உடன் எழுத முயலாமல், முதல் முறை வெறுமனே பார்த்துவிட்டு, மனத்தில் எழுந்த கேள்விகளை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டு, மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்பது பயன் தரும். பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தொற்றுக் காலத்தில் நிகழ்ச்சி நிரல் பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப் குழுக்களில்தான் சுற்றியது. கைபேசி இல்லாத வீட்டுக்கான சேவையின் நேரத்தைக் கைபேசியில் அறிவித்தால் அது உரியவருக்கு எப்படிப் போய்ச்சேரும்? ஒரு மாத நிரலை ஒரே தாளில் அச்சிட்டுப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டினால் போதும், அதற்கு ஆகும் செலவு நகல் எடுக்கும் காசுதான்.